யோகா பழகுபவர் சீக்கியப் பிரார்த்தனையைத் தொடங்க ஒரு வழிகாட்டி

காலையில் யோகா செய்யும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. எங்கோ ஒரு கீர்த்தனோ, சீக்கியர்களின் காலைப் பிரார்த்தனையான ஜப்ஜி சாஹிபோ காதில் விழுந்து, இதையும் என் காலை நேரத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று தோன்றியிருக்கிறது. அப்படிப்பட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வேலைக்காகத் தில்லியில் குடியிருக்கும் தமிழ்ப் பெண். சுற்றிலும் சீக்கியக் குடும்பங்கள் இருந்தும், எந்தப் புத்தகம் வாங்குவது, எத்தனை மணிக்கு உட்காருவது, எது கூடாது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. யோகா வகுப்பில் ஒன்று சொன்னார்கள், குருத்வாராவில் வேறு சொன்னார்கள். இரண்டு பக்கமும் கேட்டு, செய்து பார்த்து, சரியாக வந்த வரிசையை இங்கே தருகிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். ஆசனம் உடம்பை அசையாமல் உட்கார வைப்பதற்கு. பிரார்த்தனை அதற்கு அப்புறம் வருகிற தனி வேலை. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள், ஒன்றுக்குள் ஒன்றைத் திணிக்காதீர்கள். பானியை, அதாவது ஓதும் புனித வரிகளை, பின்னணி இசையாக ஓடவிட்டுக்கொண்டு சூரிய நமஸ்காரம் செய்வது சீக்கியர்களுக்கு மனவருத்தம் தரும். உங்களுக்கும் அதில் ஒன்றும் சேராது.

1. எது சீக்கியம், எது யோகா என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இணையத்தில் 'சீக்கிய தியானம்', 'சீக்கிய யோகா' என்று தேடினால் முதலில் வருவது குண்டலினி யோகா. வெள்ளை உடை, வெள்ளைத் தலைப்பாகை, வேகமான மூச்சுப் பயிற்சிகள். இது யோகி பஜன் என்று அறியப்பட்ட ஹர்பஜன் சிங் 1960களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போய்ப் பரப்பிய முறை. 1969இல் அவர் தொடங்கிய 'த்ரீ எச் ஓ' அமைப்பின் வழியாக உலகம் முழுக்கப் போனது. அதில் குர்பானி, அதாவது சீக்கியப் புனித நூலின் வரிகள் சில உண்டு. 'சத் நாம்' என்பது அந்த நூலின் தொடக்கமான மூல மந்திரத்தில் இருப்பதுதான். ஆனால் வகுப்பின் தொடக்கத்தில் சொல்லப்படும் 'ஓங் நமோ குரு தேவ் நமோ' சீக்கியர்களின் அன்றாட ஓதலான நித்நேமில் கிடையாது. பஞ்சாபில் ஒரு வீட்டில் போய் இதைச் சொன்னால் அவர்களுக்கு என்னவென்றே தெரியாமல் போகலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். யோகி பஜன் மறைந்தது 2004இல். அவர் மீது பெண்கள் சொன்ன பாலியல் குற்றச்சாட்டுகளை விசாரிக்க, அவர் வழிவந்த அமைப்புகளே வெளியார் குழு ஒன்றை நியமித்தன. அந்த அத்துமீறல்கள் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2020 ஆகஸ்டில் அந்தக் குழு அறிக்கை தந்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்த வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். தெரியாமல் போகக் கூடாது.

சீக்கிய மரபுக்குள் இருப்பவர்களில் பலர், யோகாவுக்கும் சீக்கிய வழிபாட்டுக்கும் தொடர்பில்லை என்று தெளிவாகச் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. குரு நானக் சித்தர்களோடும் யோகிகளோடும் நடத்திய உரையாடல் 'சித் கோஷ்ட்' என்ற பெயரில் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாஹிபிலேயே இருக்கிறது. ஜப்ஜியின் 28ஆம் பௌரி, அதாவது 28ஆம் பத்தி, யோகிகளிடமே பேசுகிறது: மனநிறைவு உன் காதணியாக இருக்கட்டும், தியானமே நீ பூசும் சாம்பலாக இருக்கட்டும், சாவின் நினைவு உன் கந்தல் போர்வையாக இருக்கட்டும். அதே பௌரியில்தான் 'மனத்தை வென்றால் உலகை வென்றது' என்ற வரியும் வருகிறது. யோகா பழகும் ஒருவர் இதைப் படித்துவிட்டு ஆசனத்தை விட்டுவிட வேண்டியதில்லை. உடல் பயிற்சியை யாரும் தடுக்கவில்லை. இரண்டாம் குருவான குரு அங்கத் குஸ்தி பழக்கிய இடமாகப் போற்றப்படும் மல் அகாடா குருத்வாரா இன்றும் பஞ்சாபின் கடூர் சாஹிபில் இருக்கிறது. ஆசனம் செய்வதாலேயே பிரார்த்தனை நடந்துவிட்டதாக நினைக்காமல் இருந்தால் போதும்.

2. வாங்க வேண்டியவை

செலவு மிகக் குறைவு. யாராவது அதிகமாகச் சொன்னால் தள்ளிப் போங்கள்.

நித்நேம் குட்கா என்று கேளுங்கள். உள்ளங்கை அளவுப் பிரார்த்தனைப் புத்தகம். பெரிய குருத்வாராக்களின் வாசல் கடைகளில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சில இடங்களில் இலவசமாகவே தருவார்கள். குர்முகி எழுத்தில், இந்தி எழுத்தில், ஆங்கில எழுத்தில் என்று தனித்தனியாக இருக்கும். இந்தி படிக்கத் தெரிந்தால் குர்முகியும் எதிரே இந்தியும் இருக்கும் பதிப்பைத் தேடி வாங்குங்கள். தெரியாவிட்டால் ஆங்கில எழுத்துப் பதிப்பில் தொடங்கலாம்.

தமிழ் எழுத்தில் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நினைவுக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் பார்த்துப் படிக்காதீர்கள். 'நிர்பௌ' என்று நாம் எழுதினால் 'ப' எப்படி ஒலிக்கிறது என்பதே தெரியாது. க, ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான். குர்முகி கற்றுக்கொள்வது நினைப்பதைவிட எளிது. அடிப்படை எழுத்துகள் 35, அதனால் அதை 'பைந்தி' என்றே சொல்கிறார்கள். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஓரிரு மாதத்தில் தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். பல குருத்வாராக்களில் குழந்தைகளுக்கு ஞாயிறு வகுப்பு நடக்கும். பெரியவர்களும் பின்வரிசையில் உட்காரலாமா என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

கைபேசியில் என்றால் பானிகளைத் தரும் 'சுந்தர் குட்கா' செயலி இலவசம். எழுத்தைப் பெரிதாக்கலாம், பொருளையும் கீழே பார்க்கலாம். ஓதும்போது இணையத்தை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தி ஒன்று மேலே வந்து விழுந்தால் அந்தப் பௌரி போனது போனதுதான்.

இவை தவிரத் தலையை மூட ஒரு சுத்தமான துணி. பெண்களுக்குத் துப்பட்டா போதும், ஆண்களுக்குக் கடையில் கிடைக்கும் ரூமால். குட்காவைச் சுற்றி வைக்க இன்னொரு துணி. புத்தகத்தை வைக்க ஒரு சின்ன முக்காலி அல்லது மரத் தாங்கி. இதில் கவனம் வேண்டும்: குட்காவைத் தரையிலோ யோகா மேட்டிலோ வைக்கக் கூடாது. கை கழுவிவிட்டு எடுக்க வேண்டும், ஓதி முடித்ததும் துணியில் சுற்றி உயரமான இடத்தில் வைக்க வேண்டும். பூஜை அறையில் குங்குமம், எண்ணெய் படும் இடம் என்றால் அதற்கென்று தனித் தட்டு ஒதுக்குங்கள்.

விளக்கு, ஊதுபத்தி, மணி, படம் எதுவும் தேவையில்லை. எந்தத் திசையைப் பார்த்து உட்காருவது என்ற விதியும் கிடையாது.

3. நேரத்தை முடிவு செய்யுங்கள்

சீக்கியர்கள் 'அம்ரித் வேளா' என்று சொல்வது விடியலுக்கு முந்தைய நேரம். சீக்கிய ரெஹத் மரியாதா என்ற நடைமுறை விதிநூலை எஸ்.ஜி.பி.சி., அதாவது சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி, 1945இல் ஏற்றது. அதுவும் விடியலுக்கு முன் எழுந்து, குளித்து, இறைவனை 'வாஹேகுரு' என்று நினைப்பதில்தான் நாளைத் தொடங்கச் சொல்கிறது.

அதற்காக நாளைக்கே மூன்று மணிக்கு அலாரம் வைக்காதீர்கள். இரவு பதினொன்றரைக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்தால் நான்காவது நாள் கண்ணைத் திறக்க முடியாது, அதோடு பழக்கமும் நின்றுவிடும். இப்போது எழும் நேரத்திலிருந்து பதினைந்து நிமிடம் முன்னால் போங்கள். அது படிந்தபின் இன்னும் பதினைந்து. இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளினால்தான் இது நடக்கும்.

வரிசை இது: ஆசனம், குளியல், ஓதுதல். குளித்துவிட்டு ஆசனம் செய்தால் வியர்வையோடு குட்காவைத் தொட வேண்டியிருக்கும். ஆசனத்துக்கு இருபது நிமிடம், குளிக்கப் பத்து, ஓதுவதற்குத் தொடக்கத்தில் பத்து நிமிடம் என்று முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஜப்ஜி முழுதும் வந்தபின் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

தமிழ்ப் பெண்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். மாதவிலக்கு நாட்களில் ஓதலாம், குருத்வாராவுக்கும் போகலாம். சீக்கிய நெறியில் அதற்குத் தடை இல்லை. தீட்டு என்ற எண்ணத்தையே குரு நானக் 'ஆசா தி வார்' என்ற தன் பாடல் தொகுப்பில் கேள்வி கேட்கிறார்.

4. உட்காருவதற்கான ஆசனங்கள்

இங்கே நோக்கம் ஒன்றுதான்: அரை மணி நேரம் சம்மணமிட்டு, முதுகு நிமிர்ந்து, கால் மரத்துப்போகாமல் இருக்க வேண்டும். அதனால் இடுப்பு, தொடை, முதுகு மூன்றையும் தளர்த்துங்கள். மார்ஜரியாசனம், பத்தகோணாசனம், புஜங்காசனம், படுத்தபடி முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும் பவனமுக்தாசனம், கடைசியில் சில நிமிடம் சவாசனம். இதற்குமேல் கடினமானவற்றைச் செய்து களைத்துவிட்டால் ஓதும்போது தூக்கம் வரும்.

உட்காரும்போது போர்வையை மடித்து இடுப்புக்கு அடியில் வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மூட்டு வலி இருந்தால் நாற்காலியில் உட்காருங்கள். பத்மாசனம் போட்டால்தான் என்பதெல்லாம் சீக்கிய வழிபாட்டில் இல்லை. எந்த முத்திரையும் இல்லை. மடியில் கைகள் கிடக்கட்டும், அல்லது கூப்பியிருக்கட்டும்.

நாடிசோதனம் பழகியிருந்தால் ஐந்து நிமிடம் செய்துவிட்டுக் குளிக்கப் போங்கள். பஸ்திரிகா, கபாலபாதி, மூச்சைப் பிடித்து நிறுத்துதல் ஆகியவற்றை இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் நேரில் கற்றுத்தரும் ஆசிரியர் இல்லாமல் வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள்.

5. முதல் இரண்டு வாரம் மூல மந்திரம் மட்டும்

ஆர்வத்தில் முதல் நாளே ஜப்ஜி முழுதையும் எடுக்கத் தோன்றும். வேண்டாம். குரு கிரந்த சாஹிப் தொடங்குவதே மூல மந்திரத்தில்தான், நீங்களும் அதில் தொடங்குங்கள்.

இக் ஓங்கார், சத் நாம், கர்த்தா புரக், நிர்பௌ, நிர்வைர், அகால் மூரத், அஜூனி, சைபங், குர் பிரசாத்.

ஒருவனே இறைவன். மெய்யே அவன் பெயர். படைப்பவன், அச்சமற்றவன், பகையற்றவன், காலத்துக்கு உட்படாத உரு, பிறப்பெடுக்காதவன், தானாய் இருப்பவன், குருவின் அருளால் அடையப்படுபவன்.

இதை நிதானமாக ஒருமுறை சொல்ல அரை நிமிடம் ஆகும். பத்து நிமிடம் சொல்லுங்கள், எண்ணிக்கை வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் முடித்து, அது காதில் விழுந்தபின் அடுத்ததற்குப் போங்கள்.

உச்சரிப்பில் எல்லோரும் சிக்கும் இடம் ஒன்று உண்டு. குர்பானியில் பல சொற்களின் கடைசியில் சின்ன 'இ', 'உ' குறிகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை இலக்கணக் குறிகள், வாயில் வராது. எழுத்துக்கு எழுத்து மாற்றிய பதிப்புகளில் 'சதி நாமு', 'புரகு' என்று அச்சாகியிருக்கும், ஓதும்போது 'சத் நாம்', 'புரக்' என்றுதான் வரும். எங்கள் மாடியில் இருக்கும் பெரியம்மா ஒருவர் எனக்கு இதைத் திருத்தினார். எல்லோரும் அவரை பீஜி என்றுதான் கூப்பிடுவோம். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்பார், கடைசி எழுத்தை நான் இழுத்தால் மாவுக் கையை உயர்த்தி நிறுத்துவார், தானே ஒருமுறை சொல்லிக் காட்டுவார், மறுபடி பிசைவார். இப்படி ஒருவர் கிடைத்தால் எந்த வகுப்பும் தேவையில்லை. கிடைக்காவிட்டால் ஒரே ஒரு ஓதுநரின் ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுத்து அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். நான்கு பேரை மாற்றி மாற்றிக் கேட்டால் நாக்கு குழம்பும்.

6. ஜப்ஜி சாஹிப்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம், இதற்கு நேரம் கொடுங்கள்.

குரு நானக் இயற்றியது. மூல மந்திரம், ஒரு தொடக்க சலோக் (குறும்பாடல்), 38 பௌரிகள், ஒரு நிறைவு சலோக். குரு கிரந்த சாஹிபின் 1430 பக்கங்களில் முதல் எட்டுப் பக்கம். இதற்கு ராகம் கிடையாது, பாடுவதில்லை, ஓதுவது. பழகியவருக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். புதியவருக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகும். அது இயல்பு.

பிரித்துக்கொள்ளும் முறை: முதல் மாதம் ஐந்து பௌரி. அடுத்து 8 முதல் 15 வரை. இவற்றில் முதல் நான்கு 'சுணியை' என்ற சொல்லால் தொடங்கும், அதாவது கேட்பதால் என்னவெல்லாம் கிடைக்கிறது என்பது. அடுத்த நான்கும் மனத்தில் ஏற்றுக்கொள்வதைப் பற்றியவை. சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் இந்தப் பகுதி சீக்கிரம் நாக்கில் உட்காரும். அப்புறம் 28 முதல் 31 வரை. நான்கும் ஒரே வரியில் முடிபவை, யோகிகளை நோக்கியவை, உங்களுக்கு உடனே புரியும். இந்த மூன்று பகுதியும் கைவந்தபின் இடையில் உள்ளவற்றை நிரப்புங்கள். பயிற்சிக்கு மட்டும்தான் இந்தத் துண்டு துண்டான வரிசை. முழுதும் படிக்க வந்தபின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சாக ஓதுவதுதான் முறை.

நாளுக்கு ஒரு பௌரியின் பொருளை மாலையில் படித்து வையுங்கள். மறுநாள் காலையில் ஓதும்போது அகராதியைத் தொடாதீர்கள்.

யோகா தியானத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாம் மனத்தைக் காலியாக்கப் பழகியிருக்கிறோம். எண்ணம் வந்தால் விலக்கு, மூச்சைப் பார், மௌனமாக இரு என்றெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஜப்ஜியின் முதல் பௌரியே இதைத்தான் எடுத்துப் பேசுகிறது. லட்சம் முறை எண்ணினாலும் எண்ணத்தால் அது எட்டாது. இடைவிடாமல் மௌனத்தில் ஆழ்ந்திருந்தாலும் மௌனம் வாய்க்காது. அப்படியானால் பொய்ச்சுவர் எப்படி உடையும் என்று கேட்டு, அவன் ஆணைப்படி நடப்பதால் என்று பதிலும் சொல்கிறது. அதனால் இங்கே வெறுமையைத் தேடாதீர்கள். சொல்லைச் சொல்லுங்கள், சொன்னதைக் கேளுங்கள். மனம் அலுவலகத்துக்குப் போய்விட்டால் போன இடத்திலிருந்து திரும்பி, அடுத்த சொல்லைச் சொன்னால் போதும். விட்ட பௌரிக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை. அப்படிப் போகத் தொடங்கினால் ஜப்ஜி முடியவே முடியாது.

கண்ணை மூடிக்கொண்டு, பின்னணியில் வேறொருவர் ஓதும் பதிவைப் போட்டு, அதற்கு மூச்சை ஒத்திசைப்பது என்று சில வீடியோக்கள் கற்றுத்தருகின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. உங்கள் குரல் உங்கள் காதில் விழ வேண்டும். வீட்டில் தூங்குகிறார்கள் என்றால் முணுமுணுத்தால் போதும்.

7. சிம்ரன்

ஓதி முடித்ததும் ஐந்து நிமிடம் 'வாஹேகுரு' என்று சொல்லிக்கொண்டு உட்காருங்கள். மூச்சை இழுக்கும்போது 'வாஹே', விடும்போது 'குரு' என்று பலர் செய்கிறார்கள். யோகா பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும். மூச்சு அதன் போக்கில் போகட்டும். வேகமாக, சத்தமாக மூச்சை வெட்டி வெட்டிச் சொல்லும் முறையும் சில குழுக்களில் உண்டு. மரபுக்குள்ளேயே அதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், புதியவருக்குத் தலை சுற்றும். தனியாக வீட்டில் அதைச் செய்யாதீர்கள்.

கடைசியில் எழுந்து நின்று கைகூப்பி அர்தாஸ் என்னும் வேண்டுதல். முழு அர்தாஸ் நீளமானது, குட்காவில் இருக்கும். தொடக்கத்தில் அதன் முடிவு வரி போதும்: 'நானக் நாம் சட்தி கலா, தேரே பாணே சர்பத் தா பலா.' உன் விருப்பப்படி எல்லோருக்கும் நன்மை உண்டாகட்டும் என்பது அதன் பிற்பாதி. உங்கள் சொந்த வேண்டுதலைத் தமிழிலேயே சொல்லலாம்.

8. மாலையும் இரவும்

காலைப் பழக்கம் படியும் முன் இதைச் சேர்க்காதீர்கள். படிந்தபின் இரவில் படுக்கும் முன் கீர்த்தன் சோஹிலா. ஐந்தே பாடல்கள், ஏழெட்டு நிமிடம். படுக்கையில் உட்கார்ந்தே ஓதலாம். சவாசனத்தோடு நாளை முடிப்பவர்கள் முதலில் சவாசனம், அப்புறம் சோஹிலா, அப்புறம் தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஓதும் ரெஹ்ராஸ் நீளமானது, அலுவலகம் முடிந்து வரும் வழியில் காதால் கேட்டாலே போதும் என்பது என் கருத்து. காலையில் ஜாப் சாஹிப், சவையே ஆகியவையும் விதிநூலில் உண்டு. முதல் ஆண்டில் அவற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக ஓதி ஈடுகட்ட வேண்டாம். வழக்கமான அளவே போதும்.

9. குருத்வாராவுக்குப் போங்கள்

வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் இது பாதிதான். சங்கத், அதாவது கூடியிருப்பது, இந்த வழிபாட்டின் பாதி.

எந்த மதத்தவரும் போகலாம். அடையாள அட்டை, கட்டணம், அர்ச்சனைச் சீட்டு எதுவும் இல்லை. தில்லியில் பங்களா சாஹிப் இரவும் பகலும் திறந்திருக்கும், பட்டேல் சௌக் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். சென்னையில் தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் இருக்கிறது, பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில். ஞாயிறு காலை போனால் கீர்த்தனும் லங்கர் என்னும் இலவசப் பொது உணவும் சேர்ந்தே கிடைக்கும்.

வாசலில் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்குங்கள். கை, கால் கழுவித் தலையை மூடுங்கள். துணி இல்லாவிட்டால் அங்கேயே கூடையில் இருக்கும். சிகரெட், புகையிலை, மது பையில்கூட இருக்கக் கூடாது. உள்ளே போய் குரு கிரந்த சாஹிபின் முன் நெற்றி தரையில் பட வணங்கி, விருப்பம் இருந்தால் காணிக்கை போட்டு, ஓரமாகத் தரையில் உட்காருங்கள். குரு கிரந்த சாஹிபை நோக்கிக் காலை நீட்டாதீர்கள், முதுகு காட்டி உட்காராதீர்கள். கடா பிரசாதம் என்னும் மாவு அல்வாவை இரண்டு கையையும் குவித்து வாங்குங்கள். நெய் அதிகம், குறைவாகத்தான் வேண்டும் என்றால் முன்பே 'தோடா' என்று சொல்லிவிடுங்கள். வாங்கியதை மீதம் வைக்கக் கூடாது.

குருத்வாராவுக்குள் ஆசனம் செய்யாதீர்கள். 2024 ஜூன் 21, யோகா தினத்தன்று, பொற்கோயிலின் பிரகாரத்தில் ஒரு பெண் சிரசாசனம் செய்து படத்தை வெளியிட்டார். எஸ்.ஜி.பி.சி. புகார் கொடுத்து வழக்குப் பதிவானது. படம் எடுக்கும் முன் எப்போதும் சேவாதார் என்னும் தொண்டரிடம் கேளுங்கள்.

லங்கரில் சாப்பிட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் சேவை செய்துவிட்டு வாருங்கள். யாரிடமும் பெயர் கொடுக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் இடம் இருந்தால் போய் நில்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் தானாகவே நகர்ந்து கொடுப்பார். எவர்சில்வர் தட்டுகள் ஒரு பக்கம் சோப்பு நுரையோடு வந்துகொண்டே இருக்கும், நீங்கள் அலசி அடுத்தவரிடம் தள்ள வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும். அதற்கு நடுவிலும் வாய்க்குள் 'வாஹேகுரு' ஓடுகிற பெண்களைப் பக்கத்தில் நின்று பார்த்தபின்தான் சிம்ரன் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. சேலையை விட சுடிதார் வசதி, முழங்கைவரை நனையும்.

10. பணம் போகும் இடங்கள்

உண்மையான வழிபாட்டுக்கு ஆகும் செலவை மேலே பார்த்தோம். இனி, தேவையில்லாத செலவுகள்.

குண்டலினி யோகா ஆசிரியர் பயிற்சி. முதல் நிலை 220 மணி நேரம், கட்டணம் லட்சத்தைத் தொடும், தாண்டும். யோகா ஆசிரியராக விரும்பினால் அது வேறு கதை. ஜப்ஜி கற்க அது தேவையில்லை.

ஆன்மிகப் பெயர் வாங்குவது, வெள்ளைத் தலைப்பாகைத் துணி, கல் மாலை, 'மந்திரம் ஏற்றிய' நீர்க் குடுவை. எதுவும் நித்நேமுக்கு வேண்டாம்.

அகண்ட பாட் செய்து வைத்தால் பிரச்சினை தீரும் என்று யாராவது சொல்லலாம். 48 மணி நேரம் இடைவிடாமல் குரு கிரந்த சாஹிபை முழுதும் ஓதும் நிகழ்வு அது, சீக்கியக் குடும்பங்கள் முக்கிய நாட்களில் வைப்பது. புதியவர் பணம் கட்டி வைக்க வேண்டியதில்லை.

அப்புறம், அம்ரித் எடுப்பது பற்றி. ஐந்து ககரங்கள் என்னும் சீக்கிய அடையாளங்களை அணிந்து, முழு விதிகளையும் வாழ்நாள் முழுக்க ஏற்கும் தீட்சை அது. ஓதுவதற்கு அது நிபந்தனை அல்ல. அதற்குக் கட்டணமும் கிடையாது. யாராவது பணம் கேட்டாலோ அவசரப்படுத்தினாலோ விலகுங்கள்.

11. அமிர்தசரஸ் பயணம்

ஜப்ஜி ஓரளவு வந்தபின் போனால் அங்கே கேட்பது காதில் நிற்கும். அதற்கு முன் போக வசதி இல்லாதவர்களுக்கு, பொற்கோயில் கீர்த்தனை எஸ்.ஜி.பி.சி. தன் யூடியூப் சேனலில் 2023 ஜூலையிலிருந்து நேரலையாகத் தருகிறது. அன்றைய ஹுகம்நாமாவும், அதாவது குரு கிரந்த சாஹிபிலிருந்து அன்றைக்கு எடுக்கும் பகுதியும், பொருளோடு இணையத்தில் வரும். தினம் ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

புது தில்லியிலிருந்து சதாப்தியில் ஆறு மணி நேரம். சென்னையிலிருந்து வருபவர்கள் தில்லி வந்து மாறுவது வசதி. நடுவில் ஒரு இரவு இடைவெளி விடுங்கள், வடக்கே பனிக்காலத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும்.

தங்குவதற்குக் கோயிலை ஒட்டியே சராய்கள் இருக்கின்றன. குரு ராம்தாஸ் நிவாஸில் இலவசமாகவே இடம் உண்டு, மற்றவற்றில் அறை வாடகை சில நூறு ரூபாயில் தொடங்கும். பொதுவாக மூன்று நாளுக்கு மேல் தங்க விடுவதில்லை. ஆதார் அட்டையின் அசலும் நகலும் எடுத்துச் செல்லுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். இணையத்தில் பதிவு செய்வதாக இருந்தால் எஸ்.ஜி.பி.சி.யின் சொந்தத் தளத்தில் மட்டும் செய்யுங்கள், சராய் பெயரில் பணம் பறிக்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. தனி நபர் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது போலிதான். சனி, ஞாயிறு, குர்புரப் (குருமார் விழா) நாட்களில் அறை கிடைப்பது கடினம்.

கோடையில் ஏறத்தாழ நான்கு மணிக்கு, குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு, குரு கிரந்த சாஹிபைப் பல்லக்கில் உள்ளே கொண்டுபோவார்கள். அதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். உள்ளே போகும் வரிசை வார இறுதியில் இரண்டு மணி நேரம்கூட ஆகும், கீர்த்தன் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே இருக்கும். வரிசையில் நிற்க முடியாதவர்கள் குளத்தைச் சுற்றிப் பிரகாரத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து ஜப்ஜி ஓதலாம். பளிங்குத் தரை குளிர்காலத்தில் பனிக்கட்டியாக இருக்கும். சாக்ஸோடு உள்ளே விட மாட்டார்கள், பாய் விரித்திருக்கும் பகுதியாகப் பார்த்து உட்காருங்கள். கால் நீட்டாமல் நெடுநேரம் இருக்க வேண்டும் என்பதால் அறையிலேயே இடுப்புக்கும் முழங்காலுக்குமான ஆசனங்களை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.